ஓடினால் சரியாகிவிட்டதா?

உடைந்த ஒன்றைச் சரிசெய்வது என்றால் என்ன? எளிதான கேள்விபோலத் தெரியும். சீஸ் ஆகிப்போன ஒரு செயின்சாவை, அதாவது மரம் அறுக்கும் மிஷினை, வீட்டிலேயே பிரித்து மாட்டத் துணிந்த ஒரு கற்றுக்குட்டியிடம் கேளுங்கள். "பிஸ்டன் போச்சு, புதுசு மாத்திட்டேன், இப்ப ஓடுது" என்பார். அவர் சொல்வது உண்மைதான். மூன்றாவது இழுப்பிலேயே ஸ்டார்ட் ஆகும். ஆனால் சில டேங்க் பெட்ரோல் தீர்வதற்குள் புதுப் பிஸ்டனிலும் அதே கீறல்கள் விழுந்திருக்கும்.

இந்த வேலையில் புதியவர்கள் செய்யும் தவறுகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை உடனே திருப்பி அடிக்கும். கிளட்சின் மரை பொதுவாக வழக்கத்துக்கு எதிர்த்திசையில் இருக்கும். கழற்றுவதாக நினைத்து இறுக்குவார்கள். பிஸ்டன் நகராமலிருக்க ஸ்பார்க் பிளக் துளைக்குள் கயிற்றை நுழைக்காமல் ஸ்க்ரூடிரைவரைச் செருகுவார்கள்; பிஸ்டன் தலையில் பள்ளம் விழும். ரிங்கின் இரு முனைகளும் பிஸ்டன் பள்ளத்திலுள்ள சிறு முளையின் இருபுறமும் உட்கார வேண்டும். கவனிக்காமல் சிலிண்டரை அழுத்தினால் ரிங் முறியும். பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்கும் சின்னக் கம்பி வளையம் தெறித்து கிராங்க் அறைக்குள் விழும். அறைவாயை ஒரு துணியால் மூடியிருந்தால் போதும். இவையெல்லாம் அறியாமை. தப்பு என்று இரும்பே சொல்லிவிடுகிறது. காசு போகும், பாடம் மிஞ்சும். இதில் அறச்சிக்கல் ஏதும் இல்லை.

இரண்டாம் வகை சத்தமே போடாது. பிரித்தவுடன் எல்லாவற்றையும் துடைத்துப் பளபளப்பாக்கும் ஆசை அது. பிஸ்டனில் உள்ள கீறல் வெறும் சேதமல்ல, சாட்சி. சைலன்சர் பக்கம் மட்டும் கீறியிருந்தால், பெட்ரோல் குறைந்து காற்று கூடிச் சூடேறியிருக்கலாம். கார்பரேட்டர் பக்கம் தேய்ந்திருந்தால், ஃபில்டரைத் தாண்டித் தூசி வந்திருக்கலாம். சுற்றிலும் கீறியிருந்தால், பெட்ரோலில் ஆயில் கலக்க மறந்திருக்கலாம். இந்த டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குள் பிஸ்டனுக்கென்று தனியாக ஆயில் கிடையாது. பெட்ரோலோடு கலந்து வருவதுதான், பல மாடல்களில் லிட்டருக்கு 20 மி.லி. கீறலைப் படிக்கும் முன்பே உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர் சாட்சியை அழிக்கிறார். கூடவே சிலிண்டரின் உட்சுவரிலுள்ள மெல்லிய முலாமையும் கெடுக்கிறார்.

ஏன் இந்த அவசரம்? காயம் கண்ணுக்குத் தெரிகிறது, காரணம் தெரிவதில்லை. பல சமயம் குற்றவாளி, கிராங்க் தண்டின் ஓரத்தில் காய்ந்து இறுகிப்போன ஒரு ரப்பர் சீல். அதன் வழியே காற்று கசிகிறது. கார்பரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் அடைத்து, உள்ளே காற்றழுத்தம் கொடுத்து, அது நிற்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். அந்தச் சோதனையில் பளபளப்பு ஏதும் இல்லை. நோயோடு நோயின் முதலையும் தேடச் சொன்ன வள்ளுவரைப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்தவர்கள் நாம். தெரிந்த விதிதான். புதுப் பிஸ்டன் கையில் இருக்கும்போது மட்டும் ஞாபகத்துக்கு வராது.

மனிதர்களிடமும் இதையேதான் செய்கிறோம். நண்பனோடு சண்டை; "சாரிடா" சொல்லி, டீ குடித்து, பழையபடி சிரிக்கிறோம். எது அவனைக் காயப்படுத்தியது என்று கேட்பதில்லை. கேட்டால் திரும்ப வலிக்குமே. ஆறு மாதத்தில் அதே இடத்தில் அதே சண்டை. அந்த மன்னிப்பு பொய்யில்லை. புதுப் பிஸ்டனும் போலி இல்லைதான்.

அறியாமைக்கு ஒருவர் தானே காரணமாக இருந்தால், அந்த அறியாமையும் அவர் கணக்கில்தான் சேரும் என்கிறார் அரிஸ்டாட்டில். அவர் காட்டும் உதாரணம், குடித்துவிட்டுக் குற்றம் செய்தவன். கற்றுக்குட்டியை அவனோடு ஒப்பிடுவது அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் இது செயின்சா. சீல் கசியும் எஞ்சின், விசையை விட்ட பிறகும் வேகம் குறையாமல் ஓடக்கூடும். அப்போது கிளட்ச் விலகாது, சங்கிலி நிற்காது. ஐட்லிங் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருகி அதைத் தற்காலிகமாக மறைத்துவிடலாம். அப்படி மறைத்த மிஷினை, விழுந்த தென்னையை அறுக்கப் பக்கத்து வீட்டுக்காரர் இரவல் வாங்கிப் போகிறார் என்று வையுங்கள். இனி போவது பிஸ்டனின் விலை அல்ல, அவருடைய காலாக இருக்கலாம்.

அப்படியானால் தெரியாதவர் தொடவே கூடாதா? அப்படிச் சொன்னால் யாரும் எதையும் கற்க முடியாது. புதியவரிடம் திறமையைக் கேட்க நமக்கு உரிமையில்லை. சாட்சியை அழிக்காதே, தெரியாததைத் தெரியாது என்று சொல் என்று கேட்க உரிமை உண்டு. "ஓடுதுண்ணே. ஆனா முதல்ல ஏன் நின்னுச்சுன்னு இன்னும் கண்டுபிடிக்கல. இப்ப தர முடியாது." இதைச் சொல்ல மெக்கானிக் படிப்பு தேவையில்லை. கொஞ்சம் வெட்கத்தைத் தாங்கும் மனம் போதும்.