சிறுவாடும் பொதுக் கணக்கும்

செலவைக் குறைத்து, சிதறிக் கிடக்கும் வரவு செலவை ஒரே கணக்கில் கொண்டுவருவதென்று ஒரு குடும்பம் தீர்மானிக்கிறது. கடனை அடைக்க வேண்டும், வட்டியை நிறுத்த வேண்டும், பிள்ளைகளின் படிப்புக்கு நாலு காசு சேர்க்க வேண்டும். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 'வீட்டில் இருக்கிற எல்லாப் பணத்தையும் முதலில் பொதுவில் வைப்போம்' என்ற தொடக்கத்திலேயே ஓர் அறக்கேள்வி எழுகிறது. மனைவி யாரிடமும் சொல்லாமல் சேர்த்து வைத்திருக்கும் சிறுவாட்டுப் பணமும் அந்தப் பொதுவில் சேர வேண்டுமா? சொல்லாமல் விட்டால் அது பொய்யாகுமா? கேட்டு வாங்கினால் அது நியாயமாகுமா?

இந்தக் கேள்வியைத் தென்காசி மாவட்டத்து வாசுதேவநல்லூர் போன்ற ஊரில் வைத்துப் பார்ப்பது நல்லது. மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வீடுகளில் கணக்கு எளிது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், திருமங்கலம் – கொல்லம் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் இந்தப் பகுதியில் கரும்பும் நெல்லும் எலுமிச்சையும்தான் பெரும்பாலான வீடுகளின் வரவைத் தீர்மானிக்கின்றன. கரும்பு வாங்கிய ஆலை 14 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி சேர்த்துத் தர வேண்டும் என்கிறது 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை. ஆணை அப்படி இருந்தும், இங்கே வெட்டி அனுப்பிய கரும்புக்கு நிலுவை கேட்டு விவசாயிகள் போராட நேர்ந்திருக்கிறது. புளியங்குடிச் சந்தையில் எலுமிச்சை கோடையில் ஒரு விலை போகும். மழை பிடித்துவிட்டால் பறிகூலிக்குக்கூடக் கட்டாது. மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்களுக்குப் பீடி சுற்றுவது பிழைப்பு. கணவன் வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பும் வீடுகளும் இந்த மாவட்டத்தில் நிறைய உண்டு.

வரவு இப்படிப் பல கைகளில், பல காலங்களில் வருகிறது. அடுப்போ தினமும் எரிய வேண்டும். இடையில் விழும் பள்ளத்தைப் பலசரக்குக் கடைப் பற்றும், நகை அடகும், குழுக் கடனும், கைமாற்றும் நிரப்புகின்றன. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது சிறுவாடு. காய்கறிக்குக் கொடுத்த காசில் மிச்சம், பால் விற்ற காசு, முட்டை விற்ற காசு, பீடிக் கூலியில் சொல்லாமல் விட்ட பத்து இருபது, தாய் வீட்டில் கையில் திணித்த நூறு ரூபாய் எல்லாம் சேர்ந்ததுதான் அது. அரிசிப் பானைக்குள்ளும் சேலை மடிப்புக்குள்ளும் இருப்பதால் அதற்கு வட்டியும் இல்லை, பாஸ்புக்கும் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், பள்ளியில் திடீரென்று பணம் கேட்டாலும் முதலில் வெளியே வருவது அந்தப் பணம்தான்.

அந்த மறைவு 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு கலைந்தது. 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்ததும், வங்கியில் கட்ட டிசம்பர் 30 வரை கெடு என்றதும், நாடு முழுக்கப் பெண்கள் தாங்கள் சேர்த்ததை வீட்டில் காட்ட வேண்டியதாயிற்று. பல பெண்களுக்குச் சொந்தப் பெயரில் புழக்கத்தில் இருந்த வங்கிக் கணக்கே இல்லை. கணவனிடமோ மகனிடமோ கொடுத்துத்தான் மாற்ற முடிந்தது. அப்படிக் கொடுத்த பணம் திரும்பத் தங்கள் கைக்கே வராத பெண்கள் எத்தனை பேர் என்று எந்தக் கணக்கெடுப்பும் சொல்லாது. சட்டவிரோதப் பணத்தைத் தேடிப் போட்ட வலையில் பல்லாண்டு கால வயிற்றுக்கட்டுச் சேமிப்பும் சிக்கியது.

பின்னால் இதற்கு ஒரு நீதி கிடைத்தது. செல்லாக் காசு நாட்களில் ஓர் இல்லத்தரசி வங்கியில் கட்டிய 2 லட்சத்துச் சொச்சத்தைக் கணக்கில் வராத வருமானம் என்று வரித்துறை சொன்னபோது, வருமான வரித் தீர்ப்பாயத்தின் ஆக்ரா அமர்வு 2021 ஜூனில் அதை ஏற்கவில்லை. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்தும் உறவினர் கொடுத்ததைச் சேர்த்தும் பெண்கள் இப்படிப் பணம் வைத்திருப்பது இந்தியக் குடும்பங்களில் இயல்பு என்றும், இரண்டரை லட்சம் வரையிலான அத்தகைய தொகையை வருமானமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் அது கூறியது. அரசுக்கு முன்னால் சிறுவாடு குற்றமில்லை என்று ஆயிற்று. குடும்பத்துக்கு முன்னால் அது என்ன என்பதுதான் மீதிக் கேள்வி.

சிறுவாட்டுக்கு எதிரான வாதம் எளிதில் தள்ளக்கூடியதன்று. கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் நம்பி வாழ்பவர்கள். ஒருவர் வட்டிக்கு வாங்கிக்கொண்டிருக்கும்போது மற்றவர் கையில் பணத்தை வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருப்பது நம்பிக்கைக்கு நேர்மாறானது. பானையில் கிடக்கும் 20,000 ரூபாய்க்கு வட்டி இல்லை. அதே வீட்டில் அதே தொகைக்கு மாதம் மூன்று வட்டி கட்டினால் வருடத்துக்கு 7,200 ரூபாய் வெளியே போகிறது. ஒருவருடைய ரகசியத்துக்கு வீடே விலை கொடுக்கிறது. அந்தப் பணம் எங்கிருந்து மிச்சமாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அவளுடைய தட்டிலிருந்துதான். முட்டையைப் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு, பழையதைத் தான் தின்று, மருந்து வாங்க வேண்டிய நாளில் கசாயம் வைத்துக் குடித்துச் சேர்த்த பணத்தைச் சிக்கனம் என்று பாராட்டுவது அவளுக்குச் செய்யும் நன்மை ஆகாது.

இந்த வாதத்தின் அடியில் ஒரு நினைப்பு சொல்லப்படாமல் கிடக்கிறது. பொதுவில் வைத்த பணத்தின்மேல் இருவருக்கும் ஒரே அளவு சொல் உண்டு என்பதே அது. எத்தனை வீடுகளில் அப்படி இருக்கிறது? மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார்கள். அந்த வேலையில் கைவைக்கும் ஆண்கள் 88 நிமிடம். இந்த உழைப்புக்குச் சம்பளச் சீட்டு இல்லாததால், வீட்டுப் பணத்தைப் பற்றிப் பேசும்போது அதற்கு வாக்கும் இருப்பதில்லை. 'உன் பணம் ஏது, எல்லாம் நான் கொடுத்ததுதானே' என்ற ஒரே பேச்சில் அந்த உழைப்பு முழுவதும் அழிந்துவிடுகிறது.

சென்னை உயர்நீதிமன்றம் 2023 ஜூனில் ஒரு வழக்கில் இந்தப் பேச்சுக்கு மறுப்புச் சொன்னது. கணவர் வளைகுடாவில் சம்பாதித்து அனுப்பினார். மனைவி ஊரில் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். அந்த வருமானத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனைவி வீட்டைப் பார்த்துக்கொள்ளாவிட்டால் கணவரால் வெளியே போய்ச் சம்பாதித்திருக்க முடியாது என்பதே அதன் நியாயம். இதே நியாயத்தைச் சிறுவாட்டுக்கும் வைத்துப் பார்த்தால் 'நான் கொடுத்ததுதானே' என்ற பேச்சு நிற்காது. அவள் மிச்சம் பிடித்தது பிறர் பணத்தில் எடுத்ததாகாது. தன் உழைப்புக்கு யாரும் எழுதி வைக்காத பங்கில் ஒரு துளியை அவளே எடுத்து வைத்துக்கொண்டாள்.

அவள் அதை ஏன் மறைக்கிறாள் என்பதற்கும் காரணம் தெளிவானது. சொன்னால் போய்விடும். டாஸ்மாக்குக்குப் போகும், சீட்டாட்டத்துக்குப் போகும், மைத்துனன் வீட்டுச் செய்முறைக்குப் போகும். எதற்கும் போகாவிட்டாலும், எதற்குச் செலவழிப்பது என்று முடிவெடுக்கும் உரிமை போய்விடும். வாய்மை பற்றிப் பேசிய வள்ளுவர், ஒரு சொல் பிறருக்குத் தீங்கு செய்கிறதா என்பதை வைத்தே அதை அளந்தார். அந்த அளவுகோலால் பார்த்தால், அடித்துப் பிடுங்குகிற கையிடமிருந்து பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை மறைத்தவள் வாய்மை தவறியவள் ஆகமாட்டாள்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மறைத்த சேமிப்பும் மறைத்த கடனும் ஒரு தட்டில் வைக்கத் தக்கவை அல்ல. நம் வீடுகளில் மனைவியின் சிறுவாடு கண்டுபிடிக்கப்பட்டால் சிரிப்பும் கேலியும், சில வீடுகளில் அடியும்கூட. கணவன் சொல்லாமல் வாங்கிய கடன் வெளியே வந்தாலோ, 'ஆம்பளைக்கு ஆயிரம் கஷ்டம் இருக்கும்' என்று ஒரு சமாதானம் கிடைத்துவிடுகிறது. இது தலைகீழான நியாயம். மறைத்த சேமிப்பால் மிஞ்சிப்போனால் வட்டி நட்டம் ஆகும். மறைத்த கடன் வீட்டையும் நகையையும் சில சமயம் உயிரையும் கேட்கும். அதைத் திருப்பிக் கட்டும் சுமை ஒப்புதல் கேட்கப்படாதவர்கள் தலையில் விழுகிறது. வாரா வாரம் தவணை வசூலிக்க வருபவர் முன்னால் நிற்பது பெரும்பாலும் மனைவிதான். பெண்கள் குழுவில் தன் பெயரில் கடன் எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் சொல்லாமல் இருப்பதும் இதே தவறுதான். கடன் யார் பெயரில் இருந்தாலும் அது குடும்பத்தின் கடன். அதை மறைக்க யாருக்கும் உரிமை இல்லை.

கடன் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதை இந்தப் பகுதி மறக்க முடியாது. 2017 அக்டோபர் 23 அன்று, கடையநல்லூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த கூலித் தொழிலாளியின் குடும்பம், கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தீ வைத்துக்கொண்டது. தாய், தந்தை, இரண்டு பெண் குழந்தைகள் என நான்கு பேரும் இறந்தார்கள். வாங்கிய அசலுக்கும் மேலே கட்டி முடித்த பிறகும் நெருக்குதல் நிற்கவில்லை, மனு மேல் மனு கொடுத்தும் பயனில்லை என்பதே குற்றச்சாட்டு. கந்துவட்டியைத் தடுக்கும் சட்டம் 2003 முதல் தமிழ்நாட்டில் இருந்தும் இது நடந்தது. இப்படிப்பட்ட குடும்பங்களைப் பார்த்து 'ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கலாமே' என்று சொல்வது கொடுமை. சிக்கனம் எல்லாவற்றையும் தீர்க்கும் என்று சொல்பவர்கள், வட்டி வாங்குபவனின் அறத்தையும் அதிகாரியின் கடமையையும் பேசாமல் ஏழை வீட்டுச் செலவைப் பற்றி மட்டும் பேசினால் அது அறமாகாது.

அந்த எச்சரிக்கையோடு, சிறுவாட்டின் உரிமைக்கும் ஓர் எல்லை உண்டு என்று சொல்ல வேண்டும். கணவன் நேர்மையாகக் கடனை வெளியே சொல்லி, தன் செலவை முதலில் குறைத்து, 'சேர்ந்து அடைப்போம்' என்று நிற்கும் வீட்டில் சிறுவாட்டை மறைக்கக் காரணம் இல்லாமல் போகிறது. பாதுகாப்புக்காகத் தொடங்கிய மறைவு அங்கே பழக்கமாக மட்டும் மிஞ்சுகிறது. அந்த நிலையில் சொல்லாமல் இருப்பது தவறுதான். ஆனால் வரிசை முக்கியம். அதிகாரம் உள்ளவர் முதலில் திறக்க வேண்டும். இல்லாதவர் பிறகு திறக்கலாம். அதை மாற்றிக் கேட்பது வெளிப்படைத்தன்மை என்ற பெயரில் நடக்கும் பறிப்பு.

இதிலிருந்து செலவைக் குறைக்கும் குடும்பங்களுக்குச் சில நெறிகள் பிறக்கின்றன. முதலாவது, கடன் பட்டியலைச் சேமிப்புப் பட்டியலுக்கு முன்னால் எழுத வேண்டும். யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, எந்த நகை எந்தக் கடையில், எந்தத் தவணை எந்தக் கிழமை என்பது இருவருக்கும் தெரிய வேண்டும். இரண்டாவது, வெட்டு எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். செலவைக் குறைக்கிறோம் என்றதும் முட்டையும், மாமியாரின் மருந்தும், மகளின் டியூஷனும் முதலில் நின்று, டீக்கடைக் கணக்கும் மதுவும் ஊர் மெச்சும் செய்முறையும் கடைசியில்கூட நிற்காவிட்டால், அந்தச் சிக்கனம் வலுத்தவர் இளைத்தவர்மேல் போட்ட வரி. வீட்டில் வேலை செய்பவரின் கூலியிலும், தலையில் கூடை சுமந்து வரும் கீரைக்காரியிடம் பேரம் பேசியும் பிடிக்கும் மிச்சமும் இதே வகைதான்.

மூன்றாவது நெறி எல்லாவற்றுக்கும் மேலானது. கணக்கு பொதுவாகட்டும், கைப்பணம் அவரவருக்கு இருக்கட்டும். வரவு எவ்வளவு சிறியதானாலும் அதில் மனைவிக்கென்று ஒரு தொகையை, எதற்கு என்று கேட்காமல், ஒதுக்கிவிட வேண்டும். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மகளிர் உரிமைத்தொகையை அரசு குடும்பத்தலைவியின் கணக்கில் நேரே போட்டதன் பொருளும் இதுவே. மாதம் 1,000 ரூபாய் அவள் பெயருக்கு வந்த பிறகு அதை வீட்டில் ஒருவர் ஏடிஎம் அட்டையோடு வாங்கி வைத்துக்கொண்டால் அந்த உரிமை வீட்டு வாசலிலேயே நின்றுவிடுகிறது. அதே 1,000 ரூபாயை அவளே அஞ்சலகத்தில் ஐந்தாண்டுத் தொடர் வைப்பில் கட்டினால், 6.7 சதவீத வட்டியில் 60,000 ரூபாய் 71,000 ரூபாய்க்கு மேல் ஆகும். பானையிலிருந்து பாஸ்புக்குக்குப் போவதால் அவளுக்கு இழப்பில்லை. பாஸ்புக் அவள் பெயரில், அவள் கையில் இருக்கும் வரை. நம்பிக்கையான ஒருவரை நியமனதாரராக எழுதி வைத்துவிட்டால், அவளுக்கு ஒன்று நேர்ந்தாலும் அந்த உழைப்பு வீணாகாது.

சட்டமும் இதற்கு எதிராக இல்லை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆவது பிரிவு, பெண் தன் உழைப்பாலோ திறமையாலோ சேர்த்ததையும், சீராகவும் அன்பளிப்பாகவும் பெற்றதையும் அவளுடைய முழு உடைமை என்கிறது. இஸ்லாமியச் சட்டத்திலும் மனைவியின் சொத்து அவளுக்கே உரியது. சட்டம் கொடுத்துவிட்ட இந்த உரிமையை வீடுதான் இன்னும் கொடுக்கவில்லை.

ஆகவே தீர்ப்பு இதுதான். மனைவி சேர்த்த சிறுவாட்டைக் காட்டச் சொல்லும் உரிமை, தன் கடனையும் செலவையும் முழுதாகக் காட்டி, அவள் பங்கை அவள் கையில் கொடுத்துவிட்ட கணவனுக்கு மட்டுமே உண்டு. அப்படிப்பட்டவனுக்குப் பெரும்பாலும் கேட்க வேண்டிய தேவையே இராது. செலவைக் குறைக்க உட்காரும் குடும்பங்கள் அரிசிப் பானையைத் தேடுவதை விட்டுவிட்டு, கடன் நோட்டைத் திறந்து வைத்துப் பேசத் தொடங்கட்டும்.