பிறர் காயமும் தன் துயரும்

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பது சித்தாந்த நூற்றுணிபு. இதனை உலகியலில் வைத்துக் காண்டற்கு அமெரிக்க நாட்டாரது பேஸ்பால் ஆட்டம் ஏற்றதோர் இடமென்பது எமது கருத்து. இஃது எற்றுக்கு என்பார் சிறிது பொறுக்க.

அந்நாட்டுத் தலைமை ஆட்டத்தொடரில் ஓரணி ஓராண்டில் 162 ஆட்டங்கள் ஆடும். வேனில் முழுதும் ஏறக்குறைய நாடோறும் ஆட்டமுண்மையின், ரசிகரெனப்படும் பற்றாளரது உள்ளம் தம் அணியிலேயே அழுந்திக் கிடக்கும். அட்லாண்டா நகரத்துப் பிரேவ்ஸ் அணி 2023ஆம் ஆண்டில் 104 வெற்றி பெற்றது. அதன் முதன்மை ஆட்டக்காரர் ரொனால்ட் அகுன்யா அவ்வாண்டில் 41 ஹோம் ரன்களும் 73 தளத்திருட்டுகளும் ஆற்றினார். (தளத்திருட்டு அவ்வாட்டத்தில் விதிக்குட்பட்டதே, பாதகமன்று.) அடுத்த ஆண்டு வேறாயிற்று. 2024 ஏப்பிரலில் பந்தெறிவாளர் ஸ்ட்ரைடரின் முழங்கைக்குச் சத்திர சிகிச்சை வேண்டிற்று. மே 26இல் பிட்ஸ்பர்க் நகரில், எவரும் மோதாதிருக்கவும், ஓடித் திரும்பிய அகுன்யாவின் இடமுழங்கால் தசைநார் அறுந்தது. ஜூலையில் ஆல்பீஸின் மணிக்கட்டும் ஆகஸ்டில் ரைலியின் கையும் முறிந்தன.

பற்றாளனோ நாடோறும் காயமுற்றோர் பட்டியலை நோக்கி வெதும்புகின்றான். இவன் காலில் நோவில்லை, கையும் முறிந்ததில்லை. வினை செய்தானையே சாருமன்றிப் பிறனைச் சாராதென்பது நம் கொள்கை. அற்றேல், அகுன்யாவின் முழங்கால் இவனை வருத்துமாறு என்னை? முழங்கால் வருத்தவில்லை, 'எம் அணி' என்னும் சொல்லே வருத்துகின்றது. எனதென்னும் பற்று தன் எல்லையைப் பிறனுடம்பளவும் நீட்டி, ஆண்டு நேர்ந்த முறிவைத் தன் இழப்பாகக் கணக்கிடுகின்றது.

அஃது இரக்கமாகாதோ எனின், தெளிதற்கு வழியுண்டு. எதிரணியின் சிறந்த ஆட்டக்காரன் காயமுற்று வீழ்ந்த நாளில் அவன் நெஞ்சு யாது செய்தது? வாய் 'ஐயோ' என்ன, உள்ளே சிறு மகிழ்ச்சி அரும்பிற்றாயின், தன் அணியான் வீழ்ந்துழி எழுந்த துயரும் அம்மகிழ்ச்சியின் உடன்பிறப்பேயாம். இது கடுஞ்சொல்லென்பதை அறிவேம், ஆயினும் கூறாதொழிதற்கில்லை.

இன்னுங் காண்க. 2021 ஜூலை 10இல் மயாமி நகரில் அதே அகுன்யாவின் வலமுழங்கால் தசைநார் அறுந்தது. அவ்வாண்டு அவ்வணி தொடராட்டங்களில் 88 வெற்றியே பெற்றும், முடிவில் உலகத் தொடர்ப் பட்டங் கொண்டது. 2024இல் 89 வெற்றி பெற்றும், முதற்சுற்றிலேயே சான் டியேகோ அணியிடம் தோற்று நீங்கிற்று. ஆட்டக்காரர்க்கோ இருமுறையும் ஒருவகை நோவே, நெடுநாள் மருத்துவமே. ஓராண்டின் நோவு பட்டத்தின் ஒளியில் மறைந்துபோக, மற்றோராண்டின் நோவு மட்டும் ஆறாதிருப்பின், பற்றாளன் அளந்தது நோவையன்று, ஊதியத்தையே.

இதனால் அவனை இகழ்கின்றேமல்லேம். அணிப்பற்றை வெறும் மடமையென்று ஒதுக்குவார்க்கு யாம் உடன்படேம். கல் எதனையும் பற்றி வருந்துவதில்லை. அதனால் அதற்கு உயர்வுமில்லை. பிறிதொன்றில் அழுந்தித் தன்னை மறக்கும் இயல்பு உயிர்க்கில்லையாயின், அது திருவடியைச் சார்தலும் இயலாது. மலத்தைச் சார்ந்து கட்டுண்டதும் அவ்வியல்பாலே, வீடு பெறுவதும் அவ்வியல்பாலே. குற்றம் சார்தலிலன்று, சார்ந்த ஒருவன் உடம்பைத் தன் வெற்றிக்குக் கருவியெனக் கோடலிலேயாம்.

2025 மே 23இல் அகுன்யா மீண்டு வந்து, தமக்கெறியப்பட்ட முதற்பந்தையே ஹோம் ரனாக அடித்தார். அவ்வாண்டு அவ்வணி 76 வெற்றியே பெற்றுப் பட்டச்சுற்றுகளுட் புகாதொழிந்தது. எனினும் அற்றைநாள் எழுந்து ஆர்த்தாருள், வெற்றி தோல்வி நினையாது, அம்முழங்கால் நன்றாயிற்றென்றே மகிழ்ந்தார் சிலரேனும் இருந்திருப்பர்.