சட்டம் விட்டாலும் மனச்சாட்சி விடுமா?



“சட்டம் தடுக்கவில்லை, ஆகையால் செய்தேன்” என்று ஒருவர் சொன்னால் அவருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

அமெரிக்காவில் துப்பாக்கி சுட்டுப் பழகுவோர் சிலர் வெடிக்கும் இலக்குகளை வைத்துச் சுடுகிறார்கள். அம்மோனியம் நைட்ரேட்டும் அலுமினியப் பொடியும் கடையில் தனித்தனியே கிடைக்கும். சுடும் இடத்தில் இரண்டையும் கலந்து, தூரத்தில் வைத்து, ரைபிளால் சுடுவார்கள். குண்டு பட்டதும் பெருஞ்சத்தத்தோடு வெடித்துப் புகை எழும்பும். குறி தப்பவில்லை என்று வெகு தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். கலவாத பொடிகளை அந்நாட்டு மத்திய சட்டம் வெடிமருந்தாகக் கருதுவதில்லை. சொந்த உபயோகத்துக்குக் கலப்பவருக்கு லைசென்சும் வேண்டியதில்லை. கலந்ததைச் சேமித்து வைக்கவோ வண்டியில் ஏற்றவோ முனைந்தால்தான் மத்திய சட்டம் குறுக்கே நிற்கும். (காட்டுத்தீக்கு அஞ்சி, 2013-ல் வன இலாகா ராக்கி மலைப் பகுதியின் தேசியக் காடுகளில் இவற்றைத் தடை செய்தது.)

2017 ஏப்ரல் 23-ம் தேதி, அரிசோனா மாகாணத்தில் டூசான் நகருக்குத் தெற்கே ஒரு குடும்பக் கொண்டாட்டம். பிறக்கப்போகும் குழந்தை ஆணா பெண்ணா என்று உறவினருக்கு அறிவிப்பதற்காகக் கூடியிருந்தார்கள். நம் நாட்டில் அப்படி அறிவிப்பதே 1994-ம் வருடச் சட்டப்படி குற்றம். அங்கே அது விருந்து. எல்லைக் காவல் படையில் வேலை பார்த்த தகப்பன், வர்ணப் பொடி சேர்த்த இலக்கைச் சுட்டார். நீலப் புகை எழும்பியது. ஆண் குழந்தை! ஆனால் சுற்றிலும் காய்ந்த புல், மேலே பலத்த காற்று. அந்த நெருப்பு ஏறக்குறைய 47,000 ஏக்கரை எரித்தது. சுமார் 800 பேர் அதை அணைக்கப் பாடுபட்டார்கள்.

“அவருக்குக் கெட்ட எண்ணம் இல்லையே!” என்பீர்கள். மெய்தான். அவர் ஓடி ஒளியவுமில்லை. உடனே தாமே தகவல் கொடுத்து, தாமே காரணமென்று ஒப்புக்கொண்டார். அதற்காக அவரை மதிக்கிறேன். ஆயினும் அறியாமை வேறு, அசட்டை வேறு. அன்று அறிய வேண்டிய இரகசியம் ஒன்றுமில்லை. காய்ந்த புல் கண்முன்னே கிடந்தது. காற்று முகத்திலே அடித்தது. பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று சட்டம் பார்க்கும். எந்த வயலில், எந்த நாளில், யார் வீட்டுக்குப் பக்கத்தில் அதைப் பிரிக்கிறோம் என்று யார் பார்ப்பது?

2021 ஏப்ரலில் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் இதே போன்ற வைபவம். பத்திரமான இடமென்று ஒரு கல்குவாரியைத் தேடிப்போய், 80 ராத்தல் மருந்தை வெடித்தார்கள். தீ பரவவில்லை. ஆனால் சுற்றுப்புறத்து வீடுகள் குலுங்கின. பூகம்பமோ என்று ஜனங்கள் நடுங்கினார்கள். காட்டை நினைத்தவர்கள் அயலாரை நினைக்கவில்லை.

அரிசோனாத் தகப்பனிடம் திரும்புவோம். 2018-ல் நீதிமன்றம் அதைச் சிறு குற்றமாகவே கொண்டு, ஐந்து வருட நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. நஷ்ட ஈடோ 81 லட்சத்து 88 ஆயிரம் டாலர். முதலில் ஒரு லட்சம் கட்டிவிட்டு, பிறகு மாதாமாதம் கட்ட வேண்டுமென்று ஏற்பாடு. பிறர்க்குச் செய்த நஷ்டத்தை ஈடு செய்யாமல் மனஸ்தாபம் நிறைவாகாது என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். மாதச் சம்பளக்காரர் ஒருவர் எத்தனை மாதம் கட்டினால் அந்தக் கணக்குத் தீரும்? அன்று நீலப் புகையைக் கண்டு கைதட்டக் கூடியிருந்தவர்களில் ஒருவர், “அண்ணே, காற்று பலமாக இருக்கிறது, இன்னொரு நாள் பார்க்கலாம்” என்று சொல்லியிருந்தால், விருந்தைக் கெடுத்தவர் என்று அவரைக் கடிந்திருப்பார்கள், அவ்வளவுதான்.