ஸ்லோவில் நிற்கும்போது

ஓடுகிற காரில் குறைகள் ஒளிந்துகொள்ளும். வேகம் பிடித்துவிட்டால் ஒரு சிலிண்டர் தடுமாறுவதை மற்ற மூன்றும் ஃப்ளைவீலின் உந்துதலும் சேர்ந்து மறைத்துவிடும். கார் நகராமல் என்ஜின் மட்டும் மெதுவாக ஓடும் ஸ்லோவில் நிற்கும்போது அந்த மறைப்பு விலகுகிறது. அப்போது த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும். உள்ளே போகும் கலவை மிகக் குறைவு. அதோடு, எரிந்து முடிந்த பழைய புகையும் சிலிண்டரில் கணிசமாக மிஞ்சியிருக்கும். கலவை பற்றிக்கொள்வதற்கு என்ஜினுக்கு மிகக் கடினமான நேரங்களில் இது ஒன்று. அதனால்தான் ஒரு பழைய காரின் உடல்நிலையை அறிய நான் முதலில் அதை நிற்கவைத்துக் கேட்கிறேன்.

•

எனக்குப் பழக்கமான என்ஜின் எம்ஜிபி காருடையது. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்த ஸ்போர்ட்ஸ் கார். 1,798 சிசி, நான்கு சிலிண்டர், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி சீரிஸ் குடும்பம். நம் அம்பாசிடரில் பல காலம் ஓடிய 1,489 சிசி பெட்ரோல் என்ஜினும் இதே குடும்பம்தான். அம்பாசிடரின் பாயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கைகளுக்கு எம்ஜிபியின் போனட்டுக்குள் அந்நியமான பொருள் அதிகம் இருக்காது.

•

ஸ்லோவில் நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு நிமிடத்தில் 1,600 பொறி. ஒவ்வொரு பொறிக்கும், டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் சுவிட்ச் போல வேலைசெய்யும் பாயிண்ட் ஒருமுறை மூடித் திறக்க வேண்டும். மூடியிருக்கும்போது இக்னிஷன் காயிலில் காந்தப்புலம் சேர்கிறது. திறக்கும் கணத்தில் அது சரிகிறது, ஆயிரக்கணக்கான வோல்ட் பிறக்கிறது. ரோட்டர் அதை 1-3-4-2 என்ற வரிசையில் பிளக்குகளுக்குப் பங்கிடுகிறது. இவ்வளவையும் நடத்துவது பாயிண்டின் 0.015 அங்குல இடைவெளி. அந்த இடைவெளி குறைந்தால் பாயிண்ட் அதிக நேரம் மூடியே கிடக்கும், திறப்பதும் தாமதமாகும். கூடினால் காயிலுக்குச் சேமிக்க நேரம் போதாது.

ஃபீலர் கேஜைப் பாயிண்ட் தகடுகளுக்கு நடுவே நுழைத்து, லேசாகப் பிடித்து வருகிறதா என்று விரலால் உணரும் அந்த நொடியில் மனம் தானாகவே அடங்கிவிடுகிறது. அவசரம் உள்ள கை அந்தப் பிடிப்பை உணராது.

•

மிஸ்ஸிங் ஆகிறது, அதாவது ஒரு சிலிண்டர் பற்றாமல் தடுமாறுகிறது என்றதும் பலரும் முதலில் கார்புரேட்டரைத் திருகுவார்கள். கண்ணுக்கு முன்னால் இருப்பதும் திருக எளிதாக இருப்பதும் அதுதான். ஆனால் கார்புரேட்டர் கோளாறு என்று வரும் வண்டிகளில் பெரும்பாலானவை கரண்ட் கோளாறுதான் என்பது பழைய மெக்கானிக்குகளின் அனுபவப் பாடம். அதனால் வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் டாப்பெட் (வால்வு இடைவெளி), பிறகு பிளக், பாயிண்ட், டைமிங். அடுத்து எங்காவது காற்று கசிகிறதா என்று பார்ப்பது. கலவை கடைசியில். முன்னது சரியாகாமல் பின்னதைத் தொட்டால் ஒரு குறைக்கு மேல் இன்னொரு குறையை ஏற்றியதாகும். அப்போது இரண்டையும் பிரித்தறிவதே கடினம்.

•

டாப்பெட் பார்க்க ஓர் அழகான கணக்கு உண்டு. எட்டு வால்வுகளுக்கு முன்னாலிருந்து எண் போட்டுக்கொள்ள வேண்டும். எட்டாவது முழுவதும் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய்யலாம். ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவதை. கூட்டுத்தொகை எப்போதும் ஒன்பது. ஆரம்பகால எம்ஜிபிகளில், என்ஜின் ஆறியிருக்கும்போது, இடைவெளி 0.015 அங்குலம். எண்களில் இப்படி ஒரு ஒழுங்கு தெரியும்போது, இதை வரைந்தவர்கள் மேல் மதிப்பு கூடுகிறது.

•

பிளக்கைக் கழற்றினால் வரிசை மாறாமல் துணிமேல் அடுக்கி வைக்கிறேன். பிஸ்கட் நிறம் நலத்தின் அடையாளம். உலர்ந்த கரி பெட்ரோல் அதிகம் என்கிறது. வெளுத்த முனை காற்று அதிகம் என்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு பிஸ்டன் ரிங்கையோ வால்வு கைடையோ காட்டுகிறது. ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்தச் சிலிண்டரை விசாரிக்க வேண்டும். முன்னிரண்டும் ஒரே மாதிரிக் கறுத்திருந்தால் இரண்டு கார்புரேட்டர்களில் முன்னதை. ஒரு பிளக்கைத் தனியாகப் பார்த்து நான் முடிவுக்கு வருவதில்லை. நான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது வேறுபடுகிறது என்று தெரியும்.

•

பார்வைக்கு நன்றாக இருப்பவற்றில்தான் பொறுமை அதிகம் தேவை. டிஸ்ட்ரிப்யூட்டருக்குள், பாயிண்ட் தகட்டிலிருந்து உடலுக்குப் போகும் ஒரு சிறு எர்த் வயர் இருக்கிறது. வாக்யூம் அட்வான்ஸ் தகட்டை அசைக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வயரும் வளைகிறது. ஆண்டுக்கணக்கில் வளைந்து உள்ளே உலோக இழைகள் அறுந்துபோகும். மேலுறை முழுதாகவே இருக்கும். தகடு ஒரு பக்கம் நகர்ந்தால் தொடர்பு உண்டு, மறுபக்கம் நகர்ந்தால் இல்லை. பார்த்தால் பிடிபடாது, மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும்.

கண்டென்சரும் அப்படித்தான். ஆறியிருக்கும்போது ஒழுங்காக வேலைசெய்து, சூடானதும் கைவிடும். பாயிண்ட் முகத்தில் பெரிதாகப் பொறி தெறிப்பதும், தகடுகள் சீக்கிரம் கருகுவதும் அதன் அறிகுறிகள். டிஸ்ட்ரிப்யூட்டர் ஷாஃப்ட்டின் புஷ் தேய்ந்திருந்தால் பாயிண்ட் இடைவெளி சிலிண்டருக்குச் சிலிண்டர் மாறும். டைமிங் லைட்டில் பார்த்தால் குறி ஓரிடத்தில் நிற்காமல் துள்ளும்.

இருட்டிய பிறகு என்ஜினை ஓடவிட்டு, விளக்கில்லாமல் பிளக் வயர்களைப் பார்ப்பதும் நல்ல பரிசோதனை. கசியும் இடத்தில் நீலமாக மின்னும். தண்ணீரை மெல்லிய தூறலாகத் தெளித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். கை மட்டும் தள்ளியே இருக்க வேண்டும்.

•

எம்ஜிபியில் இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்கள். எஸ்யூ வந்தது ஸ்கின்னர் சகோதரர்களின் பட்டறையிலிருந்து. இழுக்கும் காற்றுக்கு ஏற்ப ஒரு பிஸ்டன் எழுந்து தாழும். அதில் கூர்ந்து ஒடுங்கும் ஊசி பெட்ரோலை அளக்கும். த்ராட்டில் ஸ்பிண்டில் தேய்ந்துவிட்டால் அந்த ஓரமாக, யாரும் அளக்காத காற்று உள்ளே நுழைகிறது. அங்கே கலவையை எவ்வளவு திருகினாலும் ஸ்லோ நிலைக்காது. ஸ்பிண்டில் ஓரத்திலும் மேனிஃபோல்டு இணைப்பிலும் தண்ணீர் தெளித்து, சத்தம் மாறுகிறதா என்று கேட்க வேண்டும்.

இரண்டு கார்புரேட்டர்களையும் சமப்படுத்த ஒரு ரப்பர் குழாய் போதும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இணைப்பைத் தளர்த்திவிட்டு, குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்தால் காற்றின் சீறல் கேட்கும். முன்னதைக் கேட்டு, பின்னதைக் கேட்டு, ஸ்க்ரூவைத் திருப்பி, இரண்டும் ஒரே சுருதிக்கு வரும்வரை மீண்டும் மீண்டும் கேட்பது. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இந்தச் சில நிமிடங்களில் வேறு எந்த நினைப்புக்கும் இடமில்லை.

பிறகு கலவை. கார்புரேட்டரின் பிஸ்டனை 0.8 மில்லிமீட்டர் அளவு தூக்கினால் என்ஜினே பதில் சொல்லும். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். தளர்ந்து அணையப் பார்த்தால் குறைவு. கணநேரம் கூடிப் பழைய வேகத்துக்குத் திரும்பினால் சரி. நட்டின் ஆறு பக்கங்களில் ஒரு பக்கம் அளவே திருப்பி, என்ஜின் நிதானப்படும்வரை காத்து, மறுபடி கேட்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்; அதையும் குறித்துவைக்க வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றிக் கிடைத்த குணம் எதனால் வந்தது என்று அறிய வழியில்லை.

•

எல்லாம் முடிந்த பின்னும் பி சீரிஸ் என்ஜின் முழுச் சமமாக நிற்பதில்லை. நான்கு சிலிண்டர்களுக்குக் காற்று போகும் வாய்கள் இரண்டே. ஒன்றும் இரண்டும் ஒரு வாயைப் பகிர்கின்றன. மூன்றும் நான்கும் இன்னொன்றை. 1-3-4-2 என்ற வரிசையில் மூன்றை அடுத்து நான்கு, இரண்டை அடுத்து ஒன்று. ஒரே வாயில் இரு சிலிண்டர்கள் அடுத்தடுத்து இழுக்கின்றன. அதற்குப் பிறகு நீண்ட இடைவெளி. எனவே இரண்டுக்கும் கிடைக்கும் பங்கு எப்போதும் ஒரே அளவாக இருக்காது.

இதை அறிவது முக்கியம் என்று நினைக்கிறேன். கோளாறு எது, இயல்பு எது என்று தெரியாதவர் சரியான காரைக் கெடுப்பார். டைமிங் குறி அசையாமல் நிற்கிறது, இரு சீறல்களும் சமம், பிளக்குகள் பிஸ்கட் நிறம் என்றால், மிஞ்சும் அந்தச் சிறு ஏற்ற இறக்கம் வடிவமைப்போடு பிறந்தது. அதைப் போக்கக் கலவையைக் கூட்டினால் பிளக் கறுக்கும். ஸ்லோவை ஏற்றினால் குறை மறையும், தீராது. அந்த இடத்தில் கருவிகளைத் துடைத்துவைத்து, போனட்டை மூடி, காரை ஓட்டக் கிளம்பிவிட வேண்டும்.