கொடுமை என்னுஞ் சொல்

திருச்சிற்றம்பலம்

அருளும் பண்புமின்றி ஒருவன் ஒன்று செய்யக் கண்டவிடத்துக் 'காட்டுமிராண்டித்தனம்' என்று கூறுதல் பெருவழக்காயிற்று. இளமையில் யாமும் எழுத்தறியாத எளியாரை அச்சொல்லால் இகழ்ந்ததுண்டு. அதனை நினைந்து இன்று நாணுகின்றோம். அச்சொல் செயலைச் சுட்டாது ஆளைச் சுட்டுகின்றது. அவன் பிறந்த காட்டையே அவன் குற்றத்திற்குக் காரணமாக்குகின்றது. காட்டிலே பிறந்து வேட்டமே தொழிலாகக் கொண்ட திண்ணனாரன்றோ கண்ணப்பராயினார்? ஆகலின் சிவநெறி நிற்பார் அச்சொல்லை ஆளுதல் பொருந்தாது.

நம் முன்னோர் வழங்கிய சொல் கொடுமை என்பது. 'கொடு' என்னும் அடி வளைவுப் பொருளது. வளைந்த வாள் கொடுவாள். வில்லுக்குக் கொடுமரம் என்பது ஒரு பெயர். முறை பிறழ்ந்த அரசு கொடுங்கோல். திருவள்ளுவனார் செங்கோன்மையை அடுத்துக் கொடுங்கோன்மையை வைத்தமையுங் காண்க. எனவே, கொடுமையாவது செம்மையினின்றுங் கோடுதல். கோடியது நிமிர்தற்கும் உரியது என்பது இச்சொல்லினுள்ளே அடங்கிக் கிடக்கின்றது.

சிராப்பள்ளிக் குன்றில் எழுந்தருளிய பெருமான், காவிரி பெருகியமையால் தாய் வந்து சேரப்பெறாத சூல்மகளுக்குத் தாமே தாயாய் வந்து உதவித் தாயுமானவர் எனப் பெயர் பெற்றார். அப்பெருமானே, சாரமா முனிவர் வழிபாட்டிற்கு வளர்த்த செவ்வந்தி மலர்களைக் கவர்ந்தானைத் தண்டியாது, அம்மலர்களை விரும்பி ஏற்ற வேந்தனை முனிந்து, கிழக்கு நோக்கிய திருமுகத்தை மேற்கே திருப்பி உறையூரின்மேல் மண்மாரி பெய்வித்தார் என்பது தலவரலாறு. இன்றும் மூலவர் மேற்கு நோக்கியே விளங்குகின்றார். தாயான கருணை எங்கே, மண்மாரி எங்கே என வினவுவார்க்கு, முன்னையது அறக்கருணை, பின்னையது மறக்கருணை என்பதே விடையாம். வன்மை யாவுங் கொடுமையன்று. மலரை இன்முகத்தோடு ஏற்று, முறையிட்டார் சொல்லைக் கேளாதிருந்த வேந்தன் நெஞ்சின் கோட்டமே கொடுமை. கோல் கோடின் குடியும் உடன் துன்புறும் என்பதும் இதனாற் பெறப்படும்.

இனி, காவிரிக்குங் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட திருவரங்கத்தைக் குறித்து வைணவ நன்மக்கள் போற்றும் வரலாறு ஒன்றும் ஈண்டு நினைக்கத்தக்கது. உறையூரிற் பாணர் குடியில் வளர்ந்த திருப்பாணர், அரங்கத் தீவை மிதிக்க அஞ்சித் தென்கரையில் நின்று பாடித் தம்மை மறந்திருந்தார். திருமஞ்சன நீர் கொள்ள வந்த லோகசாரங்க முனிவர், விலகுமாறு கூவியும் அவர் விலகாமையாற் கல்லெறிந்தார். பாணர் நெற்றியிற் குருதி பெருகிற்று. அரங்கர் திருமேனியிலுங் குருதி தோன்றிற்று. பின்னர் அரங்கர் ஆணைப்படி அம்முனிவரே பாணரைத் தோளிற் சுமந்து திருக்கோயிலுட் சென்றார். ஈண்டுக் கொடுமை செய்தார் காட்டில் வாழ்ந்தவரல்லர். கற்றவர், இறைபணி நின்றவர். அவரை இறைவன் ஒறுத்திலன், சுமக்கச் செய்தான். அடியார்க்கு வளைந்த தோள் நெஞ்சின் வளைவை நிமிர்த்தது.

சித்தாந்தமும் இதனையே வலியுறுத்தும். உயிர் சார்ந்ததன் வண்ணமாவது. ஆணவத்தைச் சார்ந்தவழிக் கோடும். அருளைச் சார்ந்தவழிச் செம்மையுறும். கோட்டம் மலத்தின் செயலேயன்றி உயிரின் இயல்பன்று. ஆகலின் செயலைக் கொடிதென்க, உயிரைக் கொடிதென்னற்க. அவ்வாறு கூறின், திருவருளால் திருந்தவொண்ணாத உயிரும் உண்டெனக் கூறியவராவோம்.

சென்னை மாகாணத்தில் 1947-ஆம் ஆண்டு ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறிற்று. சட்டம் கதவைத் திறக்கும். நெஞ்சின் கோட்டத்தை நிமிர்த்தாது. அது நம் கடன். மடங்களிலுங் கழகங்களிலும் பாடஞ் சொல்லும் நம்மனோர், பிறரைக் கொடியர் என வாய் திறக்குமுன், நம் கையில் எறிதற்கு எடுத்த கல் உளதோ என ஒருகால் நோக்குவோமாக. உளதாயின் அதனைக் கீழே இட்டு, தோளைத் தாழ்த்துவோமாக.

சிவம்.