தருமரின் நாயும் எமது லயத்துப் பிள்ளைகளும்

திருவிழா மலரில் நாயைப் பற்றி எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். வைரவருக்கு வடைமாலை சாத்தும்போது அவருடைய வாகனத்தையும் சேர்த்தே கும்பிடுகிறோம். ஆகவே பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் எனது அக்கா வீட்டில் மூன்று நாய்கள் இருந்தன. ஒன்று பழைய நாய், பெயர் கருப்பன். மற்றொன்று முனியாண்டி கோயிலடியில் யாரோ விட்டுப்போன பெட்டைக் குட்டி, அப்போது வளர்ந்துவிட்டது. மூன்றாவது அதன் குட்டி. வீடோ பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவும் ஓர் இஸ்தோப்பும். மருமகன் கொழும்பில் கடை வேலை, மகள் கொழுந்துக்குப் போவாள். நான்கு வயதுப் பேத்தியைப் பிள்ளைக் காம்பராவில் இருந்து அழைத்து வந்து பார்த்துக்கொள்வது அக்காதான்.

ஒரு நாள் பின்னேரம் அக்கா அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது பிள்ளை ரொட்டித் துண்டோடு இஸ்தோப்பில் நின்றது. துண்டு கை தவறி விழ, நாய்கள் இரண்டும் பாய்ந்து சண்டை பிடித்தன. எடுக்கக் குனிந்த பிள்ளையின் கன்னத்தில் கருப்பனின் பல் பட்டது. ஒருவரையும் அதுவரை கடிக்காத நாய். அந்த வருடம் அதற்கு ஊசி போட்டிருக்கவில்லை.

பக்கத்து வீட்டு அம்மா காப்பித்தூளோடு ஓடி வந்தார். நல்லவேளை, மகள் அதற்குள் வந்து, பிள்ளையைப் பீலிக்குத் தூக்கிச் சென்று சவர்க்காரம் போட்டுக் கால் மணி நேரம் கழுவினாள். பிறகு ஆஸ்பத்திரி, ஊசிகள். கருப்பனைக் கட்டி வைத்துப் பார்த்திருந்த அந்த நாட்களில் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. நாய் சாகவில்லை. பிள்ளையும் தேறியது. அதற்குப் பிறகுதான் வீட்டில் சண்டை தொடங்கியது.

மச்சான் சொன்னார், "மூணையும் சாக்குல போட்டு டவுன்ல விட்டுட்டு வந்துருவேன். பிள்ள பெருசா, நாய் பெருசா?" அக்கா அழுதார். "தம்பி, கோயில்ல பாரதம் படிக்கிறது நீதானே. நாய வெரட்டுனா பாவமில்லையா? நீயே சொல்லு." அன்று நான் சரியான பதில் சொல்லவில்லை.

அருச்சுனன் தபசு ஆடும் எமது மலைநாட்டில் பாரதம் தெரியாதவர் குறைவு. கடைசிப் பயணத்தில் தம்பியரும் பாஞ்சாலியும் வழியில் வீழ்ந்தபின் தருமரோடு கூடவே நடந்தது ஒரு நாய். அதை விட்டுவிட்டுத் தேரில் ஏறு என்றான் இந்திரன். நம்பி வந்ததைக் கைவிட்டுச் சொர்க்கம் வேண்டாம் என்று தருமர் மறுத்தார். அந்த நாய் தருமதேவதையே என்பது பிறகு தெரிந்தது. அக்கா பிடித்துக்கொண்டது இந்தக் கதையை.

பாரதத்தின் தொடக்கத்திலும் ஒரு நாய் இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. சனமேசயன் வேள்வி செய்த இடத்துக்கு வந்த ஒரு நாய்க்குட்டியை அவனுடைய தம்பிமார் அடித்துவிட்டார்கள். அது வேள்விப் பொருளை நக்கவுமில்லை, ஏறிட்டுப் பார்க்கவுமில்லை. அதன் தாய் சரமை வந்து, குற்றம் செய்யாத என் பிள்ளையை ஏன் அடித்தீர்கள் என்று கேட்டபோது அரச சபையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எதிர்பாராத பயம் உங்களுக்கு வரும் என்று அவள் சபித்தாள்.

சரமையின் கேள்வியை எங்கள் இஸ்தோப்பில் வைத்துப் பார்த்தேன். ரொட்டி வைத்திருந்த பிள்ளை குற்றம் செய்யவில்லை. பசித்த நாயும் குற்றம் செய்யவில்லை. இரண்டையும் ஒரே குறுகிய இடத்தில், ஒரே உணவின் முன்னால் விட்டுவிட்டுப் போன பெரியவர்களாகிய நாம்தான் அந்தச் சபையில் வாய் மூடி இருந்தவர்கள். தருமர் கதையிலும் ஒன்றைக் கவனியுங்கள். தன்னோடு வந்த அந்த ஒரு நாயை அவர் கடைசிவரை விடவில்லை. ஆனால் வழியில் கண்ட நாயையெல்லாம் சேர்த்துக்கொண்டு போகவும் இல்லை. சோறு போட்டால் போதும், வளர்த்தாயிற்று என்று நாம் நினைக்கிறோம். ஊசி, கருத்தடை, கண்காணிப்பு இவை சோற்றோடு சேர்ந்தவை. இவற்றைத் தர இயலாத வீட்டில் மூன்றாவது நாயைச் சேர்ப்பது கருணை என்று எனக்குத் தோன்றவில்லை.

மச்சான் சொன்ன வழியும் தருமமாகாது. டவுனில் விட்ட நாய் மறைந்துவிடுவதில்லை. அது வேறொருவர் பிள்ளையின் வழியில் நிற்கும். இலங்கையில் 1893ஆம் ஆண்டிலேயே விசர்நாய் நோய்க்குச் சட்டம் வந்தது. நெடுங்காலம் தெருநாய்களைக் கொன்றே நோயை அடக்க முயன்றார்கள். 1973இல் மட்டும் 377 பேர் அந்நோயால் இறந்தார்கள். 2006 முதல் கொல்வதை நிறுத்தி, ஊசியும் கருத்தடையும் என்ற வழிக்கு அரசு மாறியது. இப்போது வருடச் சாவு சில பத்துகளுக்குள் நிற்கிறது. ஆனாலும் நோய் கண்டபின் பிழைப்பது அரிதிலும் அரிது. உலகில் விசர் சந்தேகமுள்ள விலங்குகளிடம் கடிபடுவோரில் நூற்றுக்கு 40 பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். உயரம் குறைவு என்பதால் கடி முகத்தில் விழுகிறது. ஏச்சு விழும் என்ற பயத்தில் பிள்ளைகள் கடியை மறைப்பதும் உண்டு. "நாய் கடிச்சா, பிராண்டினா, சொல்லு, ஏச மாட்டேன்" என்று ஒவ்வொரு தாயும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

காவலுக்கு நாய் வேண்டாமா என்று கேட்பீர்கள். மரக்கறித் தோட்டத்துக்குப் பன்றி வரும் இடத்தில் வேண்டும்தான். ஆனால் எமது பகுதிகளில் சிறுத்தை லயத்துக்கு வருவதே பல தடவை நாயைத் தேடித்தான். பிள்ளைகள் படுக்கும் வாசலில் இரவில் நாயைக் கட்டிவிடுவது சிறுத்தைக்கு விருந்து வைப்பதைப் போன்றது. பிறகு பயத்தில் கண்ணி வைப்பவர்களும் உண்டு. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் கண்ணியில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் இறந்ததை நாடே பார்த்தது. பன்றிக்கு வைத்த கண்ணி சிறுத்தையா, நாயா, பிள்ளையின் காலா என்று பார்ப்பதில்லை.

கோயில் நிர்வாகத்தின் சார்பில் அல்ல, என் சொந்த வருத்தமாக ஒன்றைச் சொல்கிறேன். பெட்டைக் குட்டிகளைப் பெட்டியில் போட்டுக் கோயில் வாசலில் விடும் வழக்கம் நிற்க வேண்டும். அம்மன் நாய்க்குட்டியை நேர்த்தியாகக் கேட்டதாக இதுவரை எந்தப் பூசாரியும் சொன்னதில்லை.

அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்லி நிறுத்துகிறேன். கருப்பனை வைத்துக்கொண்டார்கள். பெட்டைக்கு மிருக வைத்தியரிடம் கருத்தடை செய்தார்கள். பஸ் காசுக்கும் அன்றைய பேருக்கும் மகள் கணக்குப் பார்த்தது உண்மை. குட்டியை மேல்கணக்கில் மரக்கறி செய்யும் ஒருவர், ஊசி போட்டு வளர்ப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார். இப்போது கருப்பனுக்குச் சோறு இஸ்தோப்பின் ஒரு மூலையில், பெட்டைக்கு வீட்டுக்குப் பின்னால். வருடா வருடம் ஊசி போட்ட அட்டை, சாமிப் படத்துக்குப் பின்னால் பேத்தியின் கிளினிக் அட்டையோடு இருக்கிறது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் பிள்ளையும் நாயும் தனியே இருப்பதில்லை.

சென்ற மாதம் போயிருந்தேன். பேத்திக்கு ஏழு வயது. கன்னத்துத் தழும்பு மங்கிவிட்டது. சோறு வைத்ததும் கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். தட்டுகள் காலியானதும் அக்காவைக் கேட்டாள்.

"அம்மாயி, தின்னு முடிச்சிருச்சி. இப்ப போகலாமா?"

அக்கா இரண்டு தட்டையும் எடுத்து வைத்துவிட்டு, "இப்ப போ" என்றார்.