படித்ததும் பெற்றதும்

தாழ்ச்சியைப் பற்றிய நல்லதொரு நூலைப் படித்து முடிக்கிறோம். நூலை மூடும்போது உள்ளம் நெகிழ்ந்திருக்கிறது. தாழ்ச்சி எத்துணை அழகானது என்று தோன்றுகிறது. உலகத்தின் ஆரவாரமெல்லாம் அந்த வேளையில் அற்பமாகத் தெரிகிறது. இந்த நெகிழ்ச்சி உண்மையானதே. ஆனால் இதுதான் தாழ்ச்சியா? தாழ்ச்சியின்மேல் கொண்ட விருப்பத்தையே தாழ்ச்சி என எண்ணிக்கொள்வது எவ்வளவு எளிது என்பதை, அடுத்த அரைமணி நேரத்திற்குள் வீட்டில் ஒருவர் நம் சொல்லை மறுத்துப் பேசினால் தெரிந்துகொள்ளலாம்.

ஞான வாசகம் என்று நம் முன்னோர் பெயரிட்டு வழங்கிய பழக்கத்தைக் குறித்து எழுதும்போது இக்கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. செபத்தைப் பற்றிப் படிப்பது செபமாகுமா? புண்ணியத்தைப் பற்றிப் படித்து மகிழ்கிறவர் அந்த அளவுக்குப் புண்ணியத்தில் வளர்ந்துவிட்டாரா? ஆம் என்றும் இல்லை என்றும் உடனே சொல்லிவிடலாம்; இரண்டுமே அவசரமான விடைகள்.

வாசிப்பைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. திருச்சபையின் வரலாற்றில் எத்தனையோ மனமாற்றங்களுக்குப் பின்னால் ஒரு நூல் இருக்கிறது. புனித அகுஸ்தினாரை எடுத்துக்கொள்வோம். 386-ஆம் ஆண்டு மிலான் நகரில் ஒரு தோட்டத்தில் அவர் தம்மோடு தாமே போராடி அழுதுகொண்டிருந்தபோது, எடுத்து வாசிக்குமாறு சொல்லும் ஒரு சிறுவர் குரல் பக்கத்து வீட்டிலிருந்து கேட்டது. புனித பவுலடியாரின் நூலைத் திறந்தார்; உரோமையருக்கு எழுதிய திருமடலின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் ஒரு சிறு பகுதியை வாசித்தார். இவ்வளவும் நாம் அடிக்கடி மறையுரைகளில் கேட்டதுதான். அடுத்து அவர் குறிப்பிடுவதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை: அதற்குமேல் வாசிக்க அவர் விரும்பவுமில்லை, வாசிக்கத் தேவையும் இருக்கவில்லை. ஆயிரக்கணக்கான பக்கங்களைக் கற்றிருந்த ஒரு பேராசிரியர், ஓரிரண்டு வரிகளோடு நூலை மூடிவிட்டார்.

அந்த நாளுக்கு முன்னே நீண்டதொரு சங்கிலி இருக்கிறது. எகிப்து நாட்டில் அந்தோனியார் என்னும் இளைஞர் ஆலயத்திற்குள் நுழைந்தபோது, உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுக்கும்படி இயேசு செல்வந்தனான இளைஞனிடம் சொன்ன பகுதி வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அது தமக்கே சொல்லப்பட்டது என்று எடுத்துக்கொண்டு, தம் தந்தை வழிவந்த விளைநிலங்களை ஊராருக்குக் கொடுத்துவிட்டார். அவருடைய வரலாற்றைப் புனித அத்தனாசியார் எழுதினார். அந்த நூல் ஜெர்மானியப் பகுதியிலுள்ள திரியர் நகரில் ஒரு குடிசையில் கிடந்தது. உலாவச் சென்ற அரசு அலுவலர் இருவர் அங்கே நுழைந்தனர். ஒருவர் அதை எடுத்துப் படிக்கத் தொடங்கினார். படித்துக்கொண்டிருக்கும்போதே பேரரசரின் பணியைத் துறக்க முடிவு செய்தார். நண்பரும் அவரோடு சேர்ந்துகொண்டார். இந்நிகழ்ச்சியைப் பொந்திசியானுஸ் என்பவர் மிலானில் அகுஸ்தினாரிடம் சொன்ன அன்றுதான் தோட்டத்து நிகழ்ச்சி நடந்தது. இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒருவர் கேட்பதையோ வாசிப்பதையோ நிறுத்திவிட்டு எழுந்து எதையோ செய்கிறார். அவர்களில் எவரேனும், மிக அருமையான பகுதி, அடுத்ததையும் பார்ப்போம் என்று பக்கத்தைப் புரட்டியிருந்தால் சங்கிலி அங்கேயே அறுந்திருக்கும்.

லொயோலா இஞ்ஞாசியாரின் வரலாறு இதே உண்மையை வேறொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. 1521 மே மாதம் பம்பலோனா கோட்டையைக் காக்கும் போரில் பீரங்கிக் குண்டு அவர் காலை முறித்தது. லொயோலாவில் படுக்கையில் கிடந்தபோது வீரசாகசக் கதைகளைக் கேட்டார். வீட்டில் அவை இல்லை. கர்த்தூசியத் துறவி லுதோல்ப் எழுதிய கிறிஸ்துவின் வாழ்க்கையும், புனிதர் வரலாறுகளின் தொகுப்பு ஒன்றும்தான் இருந்தன. பொழுதுபோகாமல் அவற்றைப் படித்தார். படித்ததைவிட, படித்தபின் தமக்குள் நடந்ததை அவர் கவனித்ததே பெரிது. தாம் மனத்தில் வைத்திருந்த ஒரு பெருமகளுக்காகச் செய்யப்போகும் சாகசங்களைக் கற்பனை செய்யும்போது இன்பமாக இருந்தது. கற்பனை கலைந்ததும் உள்ளம் வறண்டது. புனிதர்களைப் போல நடக்க எண்ணும்போதும் இன்பமாக இருந்தது. அந்த இன்பமோ எண்ணம் நீங்கிய பின்னும் தங்கியது. பின்னாளில் உலகமெங்கும் பரவிய ஆன்மப் பயிற்சிகளின் வித்து இந்த வேறுபாட்டைக் கண்டுகொண்டதில் இருக்கிறது. வாசிக்கும்போது வரும் சுவையை அவர் அளவுகோலாகக் கொள்ளவில்லை. நூலை வைத்துவிட்ட பின் எஞ்சியிருந்ததையே கொண்டார்.

இங்கே தமிழருக்குப் பெருமை தரும் ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். இஞ்ஞாசியார் படித்த புனிதர் தொகுப்பு ஸ்பெயின் நாட்டில் ‘ஃபுளோஸ் சாங்தோரும்’ என்று வழங்கியது. அதே பெயரில் புனிதர் வரலாற்று நூலொன்று, அவர் நிறுவிய இயேசு சபையைச் சேர்ந்த அன்றிக் அடிகளாரால் தமிழில் எழுதப்பெற்று 1586-இல் அச்சேறியது. முத்துக்குளித்துறையின் பரதவ மக்களுக்கென உருவான நூல் அது. ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் வெளிவந்து எட்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. மன்றாட்டுகளும் மறைக்கல்வியும் மட்டும் போதா, படித்து மனத்தில் அசைபோட வரலாறுகளும் வேண்டும் என்று அந்த நாளிலேயே ஒருவர் எண்ணியிருக்கிறார்.

ஆனால் நூல்கள் பெருகியபோது ஓர் ஆபத்தும் பெருகியது. அதை மிகத் தெளிவாகக் கண்டவர் புனித சிலுவை அருளப்பர். ‘இருண்ட இரவு’ என்னும் தம் நூலின் முதற்பகுதியில், ஆன்மிக வாழ்வில் தொடக்க நிலையில் இருப்போரின் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டும்போது, ஆன்மிகப் பேராசை என ஒன்றைச் சொல்கிறார். அறிவுரைகளைக் கேட்பதிலும் ஞான நூல்களைச் சேர்ப்பதிலும் படிப்பதிலும் இவர்களுக்கு நிறைவே வருவதில்லை. தன்னை ஒறுத்துப் பழகுவதற்குச் செலவிட வேண்டிய நேரமும் இதிலேயே போய்விடுகிறது என்கிறார். பதினாறாம் நூற்றாண்டில் எழுதியவர், கைப்பேசியில் விடிவதற்குள் ஏழெட்டுத் தியானச் சிந்தனைகள் வந்து குவியும் நம் காலத்தைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! ஒரு சிந்தனை வருகிறது. கண் அதன்மேல் ஓடுகிறது. விரல் அதை இருபது பேருக்கு அனுப்புகிறது. அனுப்பியவுடன் ஏதோ நற்செயல் செய்துவிட்ட நிறைவும் கிடைக்கிறது.

இந்த ஏமாற்றம் எங்கிருந்து வருகிறது? நூலில் நாம் காணும் புண்ணியத்திற்கு விலை ஏற்கெனவே செலுத்தப்பட்டுவிட்டது என்பதே காரணம் என நினைக்கிறேன். லிசியு நகரின் சின்ன தெரேசாளை விரும்பாத கத்தோலிக்க இல்லம் நம்மிடையே குறைவு. மாலைத் தியான வேளையில் பின்னால் இருந்த சகோதரி ஓயாமல் எழுப்பிய ஒலியை அவர் எரிச்சலின்றி ஏற்கப் பழகியதையும், துணி துவைக்கும்போது எதிரே நின்ற சகோதரி தெளித்த அழுக்குநீருக்கு முகத்தைத் திருப்பாமல் நின்றதையும் படித்து உருகுகிறோம். லிசியுவில் தெறித்த நீர் நமக்கு இனிக்கிறது. நம் வீட்டுக் குழாயடியில் தெறித்தால் அது வேறு நீர்! மேலும், புனிதர் வரலாற்றைப் படிக்கும்போது நாம் எப்போதும் புனிதரின் இடத்திலேயே நின்று படிக்கிறோம். ஒலி எழுப்பிய சகோதரியின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்பதில்லை. நம் இருமலையும், நம் வம்புப் பேச்சையும், ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லும் நம் வழக்கத்தையும் யாரோ ஒருவர் இன்று பொறுத்துக்கொண்டிருக்கக்கூடும் என்ற எண்ணம் அந்தப் பக்கத்தில் நமக்குத் தோன்றினால், அன்றைய வாசிப்பு பலித்தது எனலாம்.

வள்ளுவர் கல்வி அதிகாரத்தின் முதற்குறளிலேயே கற்பதையும் கற்றவண்ணம் நிற்பதையும் பிரிக்காமல் சேர்த்தே சொல்லிவிட்டார். பேதைமை அதிகாரத்தில் அவர் இன்னும் கடுமையாகப் பேசுகிறார்: ஓதியும், உணர்ந்தும், பிறருக்கு எடுத்துரைத்தும் தான் மட்டும் அடங்காதவனைவிடப் பெரிய பேதை இல்லை என்பது அவர் தீர்ப்பு. ஞாயிறுதோறும் பிறருக்கு எடுத்துரைப்பதையே பணியாகக் கொண்ட எங்களைப் போன்றோர் அக்குறளை வேகமாகக் கடந்துவிட முடியாது.

அப்படியானால் எவ்வாறு படிப்பது? பழைய துறவியர் இதற்கு நுணுக்கமான வழிகளை வைத்திருந்தார்கள். புனித பெனடிக்ட் தம் ஒழுங்குநூலின் நாற்பத்தெட்டாம் அதிகாரத்தில் நாள்தோறும் வாசிப்புக்கென நேரம் ஒதுக்குகிறார். தவக்காலத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நூல் கொடுக்கப்பட வேண்டும். அதை முதலிலிருந்து கடைசிவரை ஒழுங்காகப் படிக்க வேண்டும். அந்நேரத்தில் எவரேனும் சோம்பியிருக்கிறாரா, வீண்பேச்சுப் பேசுகிறாரா என்று பார்த்துவர மூத்த துறவியர் ஓரிருவரை மடம் முழுவதும் சுற்றிவரச் சொல்கிறார்! துறவியருக்கே கண்காணிப்பு வேண்டியிருந்தது என்றால் நமக்கு வாசிப்பு எளிதில் கைகூடவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை. இதில் என்னைக் கவர்வது எண்ணிக்கைதான். நாற்பது நாள்களுக்கு ஒரு நூல்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கர்த்தூசியத் துறவி இரண்டாம் குயிகோ, வாசிப்பு, தியானம், செபம், காட்சித் தியானம் என நான்கு படிகள் கொண்ட ஓர் ஏணியை வரைந்து காட்டினார். உணவை வாயில் இடுவது வாசிப்பு, மெல்லுவது தியானம் என்பது அவர் தரும் உவமையின் போக்கு. வாயில் இட்டுக்கொண்டே போய் ஒருபோதும் மெல்லாதவனுக்கு என்ன நேரும் என்பதை வாசகரே கற்பனை செய்துகொள்ளலாம். 1609-இல் இல்லறத்தாருக்கென்றே பத்தி வாழ்வைப் பற்றி நூல் எழுதிய புனித பிரான்சிஸ் சலேசியார், நாளும் சிறிதளவு படிக்கச் சொல்கிறார். புனிதர்கள் விண்ணகத்திலிருந்து நமக்கு அனுப்பிய மடல்களைப் போல எண்ணிப் படிக்கச் சொல்கிறார். தொலைவிலிருந்து மகன் எழுதிய கடிதத்தை ஒரு தாய் எப்படிப் படிப்பாள் என்பது நமக்குத் தெரியும். இலக்கியச் சுவைக்காக அவள் படிப்பதில்லை. தனக்கு அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று தேடுவாள். ஒரு வரியில் நின்றுவிடுவாள். மடித்து வைத்து, மாலையில் மீண்டும் எடுப்பாள்.

சிலர் இங்கே ஒரு மறுப்பைச் சொல்லக்கூடும். “சாமி, நானும் ஆண்டுக்கணக்கில் படிக்கிறேன். நின்று படித்தாலும் நெகிழ்வில்லை, மாற்றமுமில்லை. செபத்தில் அமர்ந்தால் மனம் சந்தைக்குப் போய்விடுகிறது. விட்டுவிடட்டுமா?” இக்கேள்விக்கு அவிலா நகர்ப் புனித தெரேசாளின் வாழ்வே விடை. ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள், நற்கருணை வாங்கிய வேளை தவிர, கையில் நூல் இல்லாமல் செபத்தில் அமர அவர் துணியவில்லை. சிதறும் எண்ணங்களின் அடிகளைத் தாங்கும் கேடயமாக நூல் அவருக்கு இருந்தது. சில நேரம் சிறிது படிப்பார், சில நேரம் அதிகம். சில நேரம் நூல் அருகில் இருந்தாலே போதுமாக இருந்தது. பின்பு 1559-இல், தாய்மொழியில் இருந்த ஞான நூல்கள் பலவற்றை ஸ்பெயின் நாட்டு விசாரணை மன்றம் தடைசெய்தபோது அவர் பெரிதும் வருந்தினார். இலத்தீன் நூல்களை அவரால் படிக்க இயலாது. உயிருள்ள நூல் ஒன்றைத் தாமே தருவதாக ஆண்டவர் அப்போது அவருக்கு உணர்த்தினார் என்று எழுதி வைத்திருக்கிறார்.

ஆக, செபிக்க இயலாமல் நூலைப் பற்றிக்கொள்கிறவர் ஒருவர். இறைவன் பேசிவிடுவாரோ என்று நூலால் காதை மூடிக்கொள்கிறவர் வேறொருவர். இருவர் கையிலும் ஒரே நூல்தான் இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. முன்னவர் வறட்சிக்கு அஞ்சி விட்டுவிட வேண்டியதில்லை. ஆண்டுகள் ஆனாலும் தொடரட்டும். பின்னவர் சில நாள்கள் நூலை அலமாரியில் வைத்துவிட்டு வெறுங்கையோடு நற்கருணைப் பேழையின்முன் அமர்ந்து பார்ப்பது நல்லது.

எந்த நூல் என்று கேட்போருக்கு, முதலில் நற்செய்தி என்பேன். இறைவார்த்தையை வாசிக்கும்போது செபமும் உடன்வர வேண்டும் என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய தன் ஏட்டில் எல்லாருக்குமே சொன்னது. அடுத்து, நம் பாட்டன்மார் ‘கிறிஸ்துநாதர் அநுசாரம்’ என்று அறிந்திருந்த தாமஸ் கெம்பிசின் நூல். அதன் கடுமை சில இடங்களில் இக்காலத்தவருக்கு ஒவ்வாது; ஆயினும் எந்தப் பக்கத்தில் திறந்தாலும் நிறுத்தி யோசிக்க வைக்கும் நூல் அதுபோல் வேறில்லை. புதிதாக வருபவற்றுள் பெரும்பாலானவை ஒரு நூலின் கருத்தை இருபது நூல்களில் நீட்டியவை என்பது என் கணிப்பு.

எழுத்தறியாத முதியோரும் நம் பங்குகளில் இருக்கிறார்கள். ஞான வாசகம் தங்களுக்கு உரியதன்று என்று அவர்கள் எண்ணிவிடக் கூடாது. முன்னே சொன்ன அந்தோனியார் எழுத்துக் கல்வி கற்க விரும்பாதவர் என்று அத்தனாசியாரே எழுதுகிறார். வாசிக்கக் கேட்டதை அவ்வளவு கவனமாக உள்வாங்கினாராம், நினைவே அவருக்கு நூலாக இருந்ததாம். திரியர் நகரிலும் மிலானிலும் நூலாக வாசிக்கப்பட்ட வாழ்க்கைக்கு உரியவர், காதால் கேட்டே வளர்ந்தவர். சனிக்கிழமை மாலையில், மறுநாள் திருப்பலிக்குரிய நற்செய்தியைப் பேரப்பிள்ளைகள் யாரேனும் பாட்டிக்கு உரக்க வாசித்துக் காட்டலாம். ஐந்து நிமிடம் ஆகாது. பாட்டி எந்த இடத்தில், “போதும், அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லு” என்கிறார் என்று பிள்ளை கவனிக்கட்டும்.